வேலைக்கும் விசேஷத்துக்கும்

நாமக்கல்
6.4.2025

அக்கா,

'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவாய் என்று பயந்து, வெறும் அக்காவோடு நிறுத்திக்கொண்டேன். நீ என் நம்பரை பிளாக் செய்து இரண்டு வாரம் ஆகிறது. குமாரபாளையத்துக்கு இரண்டு தடவை வந்தேன். மேடம் மீட்டிங்கில் இருக்காங்க என்று உங்கள் கம்பெனி செக்யூரிட்டி இரண்டு தடவையும் சொன்னார். இரண்டாம் தடவை மாடி ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். அதனால்தான் இந்தக் கடிதம். கால்நடை மருத்துவம் படித்து டாக்டரான பிறகு நான் பேனா பிடித்து ஒரு பக்கம் முழுதாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் கோபம் எதற்கென்று தெரியும். அதைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை. வேறொரு உதவி கேட்டு எழுதுகிறேன். திருச்செங்கோட்டில் தனப்பிரியா வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவோம் என்கிறார்கள். சாதாரண வாட்ச் இல்லை, சுவிஸ் கம்பெனி வாட்ச். எது வேண்டுமென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள் அண்ணன் சிவக்குமார் என்னிடம் விட்டுவிட்டார். அவர் போர்வெல் ரிக் மூன்று வைத்திருக்கிறவர். விலையைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளே கிடையாது.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. காலையில் கோழிப்பண்ணைக்கும் கட்டிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் ஒரு வரவேற்புக்குப் போனாலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். வேலைக்கும் விசேஷத்துக்கும் ஒரே வாட்ச். நம் வீட்டில் வாட்சைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீதான். எது வாங்கலாம் என்று சொல்.

கௌசிக்

---

குமாரபாளையம்
11.4.2025

கௌசிக்,

கடிதம் வந்தது. எழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. வாட்சைப் பற்றிக் கேட்டாய். வாட்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கையை அள. ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார். உனக்கு ஒல்லிக் கை. நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் டயல் எடுத்தால் தட்டைக் கட்டிக்கொண்டு போவது போல இருக்கும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது போதும். தோல் ஸ்ட்ராப் வேண்டாம், நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறவன் நீ. ஸ்டீல் செயின் எடு. தண்ணீர் நூறு மீட்டராவது தாங்க வேண்டும். முப்பது மீட்டர் என்று எழுதியிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை, மழைத்துளி பட்டால் பரவாயில்லை, அவ்வளவுதான். கண்ணாடி சஃபையரா என்று கேள். சாதாரணக் கண்ணாடி ஆறு மாதத்தில் கீறிவிடும். பேட்டரியா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் கை அசைவிலேயே ஓடும், இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். தினமும் கட்டுவதாக இருந்தால் அதை எடு. சர்வீஸ் சேலத்திலேயே செய்வார்களா, பெங்களூருக்கு அனுப்புவார்களா என்று கேட்காமல் வாங்காதே.

வேலைக்கும் விசேஷத்துக்கும் ஒன்றே வேண்டும் என்கிறாய். வாட்ச் விஷயத்தில் இருக்கிற இந்த ஆசை உனக்கு ஆள் விஷயத்தில் இல்லை. அப்பா ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தபோது கூடவே இருக்க நான் தேவைப்பட்டேன். உன் நிச்சயத்துக்கு மட்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறினீர்கள். இணைச்சீருக்கு நிற்கப் போவது அவள்தான் என்பது, திரும்பி வந்த பெரியப்பா மகளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்: நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நின்று செய்வது இணைச்சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவள் கையில், இன்னொரு முனை தம்பி கையில். உனக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி.

விவாகரத்து வாங்கிப் புருஷனைத் தீர்த்துவிட்டு வந்தவள் அந்த முனையைப் பிடித்தால் உன் வாழ்க்கையும் அப்படி ஆகிவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். அவளிடம் நான் அழுதுகொண்டே கேட்டபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். குனிந்து செருப்பைத் தேடினாய்.

வாட்சைப் பற்றி மட்டும் எழுதுவதாகச் சொன்னேன். முடியவில்லை.

மதுமதி

---

நாமக்கல்
20.4.2025

அக்கா,

செருப்பு என் காலில்தான் இருந்தது. அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

அம்மாவிடம் பேசலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அடுத்த தடவை அப்பா படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு தடவையும் நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். ஊரில் இருக்கிற லட்சம் கோழிக்கு நான் சொல்வதுதான் சட்டம். வீட்டில் அம்மா முன்னால் எனக்குக் குரலே வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சிவக்குமாரோடு சேலம் போனேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஷோரூம். உள்ளே ஆஸ்பத்திரி ஐசியு போலக் குளிர். கையுறை போட்ட ஒருவர் வாட்சுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குகிறார். சிவக்குமாருக்குத் தங்கமும் ஸ்டீலும் கலந்த ஒரு வாட்ச் பிடித்துவிட்டது. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி தெரிந்தேன். நீ எழுதிய கேள்விகளைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

நல்லவேளை, உடனே வாங்கவில்லை. சிவக்குமார் தன் கையில் கட்டியிருந்ததைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அதுவும் அதே கம்பெனி, தோல் ஸ்ட்ராப். "ஒரு வாரம் கட்டிப் பாருங்க மாப்ள, கைக்குப் பழகோணும்" என்றார். மறுத்தால் கோபித்துக்கொள்வார் போல இருந்தது. இப்போது அதைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். மேஜையில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

கௌசிக்

---

குமாரபாளையம்
24.4.2025

கௌசிக்,

பெரிய வாட்ச் வேண்டாம் என்று நான் தமிழில்தான் எழுதினேன். சிவக்குமார் ரிக்கில் குழாய் தூக்கி வளர்ந்தவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர் கைக்கு நாற்பத்திரண்டு பொருந்தும். உன் கை ஊசி பிடிக்கிற கை. தங்க முலாம் பூசியது உன் வேலைக்கு ஆகாது. மூன்று வருஷத்தில் விளிம்பெல்லாம் தேய்ந்து வெளுத்துப் போகும். தங்கத்தை மோதிரத்தோடு நிறுத்திக்கொள்.

இரவல் வாட்சைப் பண்ணைக்குள் கொண்டுபோகாதே. வண்டியிலேயே கழற்றி வைத்துவிடு.

செருப்பு காலில் இருந்தது எனக்குத் தெரியும். நீ எழுதியதற்குச் சந்தோஷம்.

அம்மாவைப் பற்றி ஒன்று. அப்பா போனதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் பந்தலுக்கு வெளியே சேர் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே போய் உட்கார்ந்துவிடுகிறாள். தனக்கு அதுதான் சரி என்று ஒப்புக்கொண்டவள், பக்கத்தில் எனக்கும் ஒரு சேர் போடுகிறாள். அவள் மேல் எனக்கு இருப்பது பாதிக் கோபம்தான். மிச்சமெல்லாம் உன் மேல்.

மதுமதி

---

நாமக்கல்
30.4.2025

அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நடக்க வேண்டியது சனிக்கிழமையே நடந்துவிட்டது.

மோகனூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். போன வருஷம் நோய் பரவியபோது அங்கே நான்தான் சட்டம் போட்டேன்: உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் சாவி, போன், கையில் காதில் இருப்பது எல்லாவற்றையும் வாசலில் புகைப் பெட்டியில் வைக்க வேண்டும், பார்மலின் புகை காட்டின பிறகுதான் எடுக்கலாம் என்று. வாசலில் பாப்பாயி என்று ஒரு அம்மா இருக்கிறார். வாட்ச் மட்டும் இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீங்க போட்ட ரூலுதானுங்க டாக்டரு, உங்களுக்கும் சேத்துத்தானுங்க" என்று கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். இருபது நிமிஷம் வைத்துவிட்டு எடுக்க வேண்டியது. உள்ளே ஒரு ஷெட்டில் கோழிகள் சுருண்டு கிடந்ததால் நான் ஐந்து மணி நேரம் வெளியே வரவில்லை. டாக்டர் வாட்ச் ஆயிற்றே என்று அந்த அம்மா இரண்டாம் முறையும் மருந்து போட்டு நன்றாகப் புகை காட்டியிருக்கிறார்.

வாட்ச் ஓடுகிறது. ஸ்ட்ராப் அப்பளம் போல விறைத்துவிட்டது. வாசனை, பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலில் போட்ட கோழிக் குடல் மாதிரி. மூன்று நாள் வெயிலில் காய வைத்தும் போகவில்லை.

நேற்று திருச்செங்கோடு போய் ஒப்படைத்தேன். அந்த வீட்டு ஹால் முழுக்க பார்மலின். சிவக்குமார் ஒரு நிமிஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்து, வண்டியிலேயே கழற்றி வைக்கச் சொல்லி அக்கா எழுதியிருந்தாள், கடிதம் லேட்டாக வந்துவிட்டது என்று உளறிவிட்டேன்.

தனப்பிரியா காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உங்களுக்கு அக்கா இருக்காங்களா என்று கேட்டாள்.

அக்கா, அவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஒரு பெண் இருக்கிறாள், வெளியூரில் வேலை என்று தரகர் மட்டும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அது யாரோ ஒன்றுவிட்ட அக்கா என்று தனப்பிரியா நினைத்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தீர்த்துவிட்டு வந்தது, கம்பெனியில் நூல் கொள்முதல் முழுக்க உன் பொறுப்பில் இருப்பது, குமாரபாளையம் நாமக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டர்தான் என்பது, எல்லாம். அப்படியென்றால் இணைச்சீருக்கு யார் என்று கேட்டாள். பெரியப்பா மகள் என்றேன். நான் பாதி குடித்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

கௌசிக்

---

குமாரபாளையம்
5.5.2025

தம்பி,

ஆபீசில் வைத்துப் படித்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் போய் நின்றேன். பாப்பாயி அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சிவக்குமாருக்குப் புது ஸ்ட்ராப் வாங்கிக் கொடுத்துவிடு, அதே கம்பெனி ஸ்ட்ராப். கேஸின் பின்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் வாசனை போகும், நேரம் வைக்கிற திருகு நன்றாக மூடியிருக்க வேண்டும்.

இரண்டாவது பக்கத்தைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இணைச்சீருக்கு என்னை வேண்டாம் என்றது வலித்தது. நான் இருப்பதையே சொல்லவில்லை என்பது வேறு மாதிரி வலிக்கிறது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். ஆனாலும் நீ அந்த ஹாலில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அதையும் மறக்க மாட்டேன்.

அவர்கள் போடுகிற வாட்சை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் முடிவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு அப்பா அந்த ஆளுக்கு ஒரு வாட்ச் போட்டார். அப்பாவுக்கு அப்போது அது பெரிய விஷயம். அந்த ஆள் அதை என் வீட்டார் கொடுத்தது என்று ஒரு நாளும் கையில் கட்டிப் பார்த்ததில்லை, இன்னும் நல்லதாகப் போட்டிருக்கலாம் என்றுதான் பார்த்தான். நீ அப்படிப் பார்க்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தனப்பிரியா ஏன் உள்ளே போனாள் என்று எனக்கும் தெரியவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் நான் என்று என் தலையில் கட்டாதீர்கள்.

மதுமதி

---

நாமக்கல்
15.5.2025

அக்கா,

தனப்பிரியா போன் பண்ணினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கூடப் பொறந்தவங்களையே மறைச்சு வெக்கற ஊட்டுக்கு நான் எப்படீங்க தைரியமா வாரது? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்னையும் இப்படித்தான மறைச்சு வெப்பீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "அதுக்கெல்லாம் யோசனை வேணுமாங்க" என்றாள்.

அன்று மத்தியானமே அம்மாவிடம் போனேன். அடுப்பை அணைக்கச் சொல்லி, தோசைக் கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். அக்கா நின்றால்தான் இணைச்சீர், அவள் இல்லாமல் கூறைச்சேலையை நான் தொட மாட்டேன் என்றேன். அம்மா அழுதாள், அப்பா இருந்திருந்தால் இப்படிப் பேசுவாயா என்றாள். அப்பா இருந்திருந்தால் அக்காவை விட்டுவிட்டு வேன் கிளம்பியிருக்காது என்றேன். கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அவ வருவாளாடா" என்று கேட்டாள். பெரியப்பா மகளிடம் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் உள்ளூரச் சங்கடமாகத்தான் இருந்திருக்கிறது போல, மறுபேச்சே பேசவில்லையாம்.

அக்கா, இதையெல்லாம் நானாகவே செய்தேன் என்று எழுத ஆசைதான். முடியவில்லை. தனப்பிரியா கேட்ட பிறகுதான் செய்தேன். இரண்டு மாதமாக நீ கேட்டதும் அதையேதான். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

வாட்ச் வேண்டாம் என்று சிவக்குமாரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் வாடிவிட்டது. இதுவும் பார்மலினில் போய்விடும் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். என் சொந்தச் சம்பளத்தில் ஒன்று வாங்கலாம் என்று நேற்று தனியாகச் சேலம் போனேன். இந்தத் தடவை உன் கடிதத்தைக் கையிலேயே கொண்டுபோனேன். மணிக்கட்டு அளவு, சஃபையர் கண்ணாடி, நூறு மீட்டர், சர்வீஸ் எங்கே, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் கையுறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதே கேள்விகளை ஒரு மேடம் இரண்டு வருஷமாக வந்து கேட்பதாகச் சொன்னார். குமாரபாளையத்துக்காரர். நீல டயல் வைத்த ஒரு ஸ்டீல் வாட்சைக் கட்டிப் பார்ப்பாராம், ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாராம், கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ எனக்கு எழுதியதெல்லாம் உனக்காகத் தேடி வைத்தது. எனக்கு எது வேண்டும் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். உனக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்கு ஒன்று வாங்கிவிட்டேன். முப்பத்தெட்டு, வெள்ளை டயல். கல்யாணம் ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. நீ வருவாயா?

கௌசிக்

---

குமாரபாளையம்
21.5.2025

சாமி,

நானாகவே செய்தேன் என்று நீ எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஒருவர் சொல்லித்தான் நமக்கு உறைக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

அந்த வாட்சை வாங்க என்னிடம் எப்போதோ வசதி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கையில் கட்டியதும் உள்ளே ஒரு குரல், உனக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கும். அம்மாவின் குரல் போலவே இருக்கும். இரண்டு பவுன் நகையாக எடுத்தாலாவது ஆகும் என்று சொல்லும். யாருக்கு ஆகும் என்று நான் கேட்டதில்லை. உன் கடிதம் வந்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வாட்ச் சாருக்கா மேடம் என்று புதுப் பையன் ஒருவன் கேட்டான். எனக்கு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் போல, கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நீல டயல், முப்பத்தாறு. நூல் குடோனில் பஞ்சுக்கு நடுவே நிற்கும்போதும் அழகாக இருக்கிறது. கழற்ற மனசே வரவில்லை. இணைச்சீருக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன், வளையலுக்குப் பக்கத்தில். யாராவது ஏதாவது சொன்னால் நீ பதில் சொல்ல வேண்டும்.

வருகிறேன். ஆனால் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். கூறைச்சேலையை என் கையில் எடுத்துக் கொடுப்பது அம்மாவாக இருக்க வேண்டும். பந்தலுக்கு வெளியே சேர் போடக் கூடாது. அவள் வெளியே உட்கார்ந்தால் நானும் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வேன், நீ சடங்கு நடத்துகிற அருமைக்காரரோடு தனியாக நின்றுகொள். இதை நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். தனப்பிரியாவும் சொல்லக் கூடாது. நீ சொல்.

தனப்பிரியாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

நாமக்கல்
27.5.2025

அக்கா,

யாரிடமும் கேட்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், நேற்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் முடியவே முடியாது என்றாள். ஊர் என்ன சொல்லும் என்றாள். மேடைப் படி உயரமாக இருக்கும், மூட்டு வலி என்றாள். படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து, கல்யாணத்தன்று தான் என்ன சேலை கட்டுவது என்று கேட்டாள். அப்பா போன பிறகு அவள் சேலையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் எடுத்து வரட்டுமா என்றேன். நீ பெரிய வாட்சை ஆசைப்பட்ட லட்சணம் தெரியும், அவளை வரச் சொல்லு என்கிறாள்.

சனிக்கிழமை காலையில் வந்துவிடு. மூன்று பேருமாகச் சேலம் போகலாம்.

கௌசிக்